அப்துல் கஃபாரின் பிரேக் கால்

தி. நகர் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் பன்னிரண்டு வருடமாக நிற்பவள் தபஸ்ஸும். நாற்பது புடவையைப் பிரித்துப் போட்ட பிறகு, "அந்த முதல் புடவையைக் காட்டுங்க" என்பவர்களிடமும் முகம் கோணாமல் சிரிக்கத் தெரிந்தவள். அப்பேர்ப்பட்டவளுக்கே ஆம்புலன்ஸ் பிடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்றதும் இரண்டு பேர் போனை வைத்துவிட்டார்கள். மூன்றாவதாக எடுத்தவர்தான் மேலே கேள்வி கேட்கும் அளவுக்குப் பெருந்தன்மை உள்ளவர்.

"உக்காருவாரா, படுத்துக்கினுதான் வரணுமா?"

"படுத்துத்தான். இடுப்பை மடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"வெயிட்டு?"

"எழுபது இருப்பாரு."

"எழுபத்தெட்டு," என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். "ஓவர்லோடு ஏத்தறவன் இப்படித்தான் கொறைச்சு சொல்வான்."

கட்டிலில் கிடந்தவர் அவளுடைய அத்தா அப்துல் கஃபார். முப்பத்தொரு வருடம் மாநகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அதில் பாதிக்கு மேல் பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே இருபத்தொன்பது சி பஸ். தொழிலில் அவருக்கு ஒரே ஒரு கொள்கை: பிரேக்கை உட்கார்ந்திருப்பவனை நினைத்துப் போடக் கூடாது, நிற்பவனை நினைத்துப் போட வேண்டும். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டர் ஜவஹர் "ஹோல்டான்" என்று குரல் கொடுப்பார். வண்டி நிற்கும், நின்றது யாருக்கும் தெரியாது. முட்டைக் கூடைக்காரர்கள் இவர் வண்டிக்காகவே காத்திருந்து ஏறுவார்களாம். அவர் சொல்வதுதான். அந்த முட்டைக்காரர்களில் ஒருவரைக்கூடத் தபஸ்ஸும் பார்த்ததில்லை.

ஏழு வாரத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பில் தகடு வைத்தார்கள், எலும்பும் கூடிவிட்டது. ஆனால் வலது பாதம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "அமுக்குங்க அத்தா" என்று அவள் உள்ளங்கையை வைத்தால் அது பாட்டுக்குக் கிடந்தது. இன்றைக்கு டாக்டர் ஜெயஸ்ரீ பார்த்துச் சொல்ல வேண்டும். பாதம் அழுத்தினால் நடைப்பயிற்சி, அழுத்தாவிட்டால் இன்னொரு ஆபரேஷன். பதினொரு மணிக்கு அவர் கிளம்பிவிட்டால் பிறகு ஒரு மாதம் ஊரில் இல்லை.

அத்தா இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவள் பயமெல்லாம் அதில்தான். மனிதர் உள்ளுக்குள் நம்பிக்கையை விட்டுவிட்டார் என்று நினைத்தாள். அவர் பேசியதெல்லாம் இன்னும் சர்வீஸில் இருக்கும் ஜவஹரோடுதான். காலை ஆறரைக்குப் போனை எடுத்தால் அரைமணி நேரம். அப்படி என்னதான் வம்பு பேசுவார்களோ என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு சமைப்பாள்.

ஒன்பதரைக்கு ஆம்புலன்ஸ் வந்தது. டிரைவர் ஹரியும் உதவிக்கு ராகேஷும் மேலே வந்தார்கள், கீழ்வீட்டிலிருந்து இரண்டு பேர் கை கொடுத்தார்கள். ஸ்ட்ரெச்சரில் அத்தாவின் இடுப்பைக் கட்டினார்கள், மார்பைக் கட்டினார்கள். வாயைக் கட்ட ஒன்றும் கொண்டுவரவில்லை.

"ரைட்ல ஒடி. போதும். பின்னால செவுரு கீது. இப்ப நேரா வுடு," என்று படிக்குப் படி உத்தரவு வந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு சைக்கிள் நின்றது. "வளைவுல வண்டிய நிறுத்திக்கினு போயிருக்கான். நம்பர நோட் பண்ணுமா." சைக்கிளுக்கு ஏது நம்பர்? ராகேஷுக்குச் சிரிப்பு வந்து, அது மற்ற மூவருக்கும் தொற்றி, நான்கு பேரும் ஸ்ட்ரெச்சரை இறக்கி வைத்துவிட்டுக் குலுங்கினார்கள். எக்ஸ்ரே கவரும் ஃபிளாஸ்க்குமாகப் பின்னால் வந்த தபஸ்ஸும், "நேரமாவுது" என்று அதட்டப் போய் அவளும் சிரித்துவிட்டாள்.

வண்டியில் அவர் தலை முன்பக்கம், கால் பின்கதவுப் பக்கம். கண்ணாடி வழியே கடந்துபோன ரோடு மட்டும்தான் தெரிந்தது.

"முப்பத்தொரு வருசம் வர்ற ரோட்டைப் பாத்தேன். இப்ப வுட்டுட்டு வந்த ரோட்டைப் பாத்துக்கினு போறேன்," என்றார். ஹரி ஒரு முறை சட்டென்று பிரேக் போட்டபோது, "ஆளுங்க நின்னுக்கினு கீறாங்கன்னு நெனச்சுப் போடுப்பா," என்றார்.

கோட்டூர்புரம் பாலம் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும் எதிரே தகரத் தடுப்பு. மெட்ரோ வேலை. ஹரியின் போன் மேப்பில் மட்டும் அந்தத் தெரு தாராளமாகத் திறந்து கிடந்தது. மணி பத்து இருபது. பதினொன்றுக்கு இன்னும் நாற்பது நிமிடம்தான்.

"ரிவர்ஸ் எடு," என்றது ஸ்ட்ரெச்சர். "மொத லெஃப்ட்டு வாணாம், அடச்சு வச்சிருக்கான். ரெண்டாவது லெஃப்ட்டு."

"நைனா, நீ ஏழு வாரமா படுத்துக்கினு கீற. இங்க ரோடு தினம் மாறுது," என்ற ஹரி, தபஸ்ஸுமைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, நான் யார் சொல்றதக் கேக்கறது?"

"உங்களுக்கு எப்படி அத்தா தெரியும்?"

"ஜவஹர் சொன்னான். எங்க தோண்டினான், எங்க மூடினான், தினம் காலைல கேட்டுக்கினுதான கீறேன்."

"படுத்துக்கிட்டு அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

"ஒரு நாள் எறங்கிப் போவணுமில்ல? அன்னிக்கு வழி தெரிய வாணாமா?"

இந்த மனிதரா நம்பிக்கையை விட்டுவிட்டார் என்று நினைத்தோம்? "அத்தா சொல்றபடியே போங்க," என்றாள்.

அப்புறம் அது ஆம்புலன்ஸாகவா இருந்தது? "இப்ப ஒரு பள்ளம் வரும்," என்பார், வரும். "வளைவுல மாவு மிஷின் வாசனை வந்துச்சா? அங்க ரைட்டு." வாசனை வந்தது. ராகேஷ் கண்டக்டராகவே மாறி, பக்கவாட்டுத் தகட்டைத் தட்டி "ரைட், போலாம்" என்று குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டான். ஹரி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். பத்தே முக்காலுக்கு மயிலாப்பூர் மருத்துவமனை வாசலில் வண்டி நின்றது. நின்றது யாருக்கும் தெரியவில்லை.

டாக்டர் ஜெயஸ்ரீ பைக்குள் எதையோ எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பையைக் கீழே வைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அத்தாவின் வலது பாதத்துக்கு எதிரே உள்ளங்கையை நீட்டினார்.

"அமுக்குங்க ஐயா."

ஒன்றும் நடக்கவில்லை.

"இன்னொரு தடவை."

பாதம் கிடந்தது. வழியெல்லாம் வாய் ஓயாதவர் இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தாடை மட்டும் இறுகியிருந்தது. டாக்டர் ஃபைலைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் தபஸ்ஸுமுக்குப் புரிந்தது. என்ன தோன்றியதோ, வயிற்றிலிருந்து குரலை எடுத்து ஜவஹரைப் போலவே கத்தினாள்.

"ஹோல்டான்."

பாதம் இறங்கியது. சட்டென்று அல்ல, மெல்ல, சீராக. டாக்டரின் கை பின்னால் வளைந்தது.

"அட," என்றார் டாக்டர். "எங்க, இன்னும் கொஞ்சம் வேகமா அமுக்குங்க."

"அது முடியாதும்மா," என்றார் அப்துல் கஃபார். "ஆளு நின்னுக்கினு கீது."

அறையில் நின்றுகொண்டிருந்தவள் தபஸ்ஸும் ஒருத்திதான். ஸ்ட்ரெச்சர் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.