இரண்டு சமுத்திர மாதாக்கள்

கொக்கிளாய்க் கரையில் மீனவர் சங்கத்துக்கு நான் பைதான் கணினி மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். விடியக் கடலுக்குப் போன படகுகள் ஒரு டிக்‌ஷனரி, திரும்பி வந்தவை இன்னொன்று. டிக்‌ஷனரி என்றால் ஒவ்வொரு சாவிக்கும் எதிரே ஒரு மதிப்பை எழுதும் பட்டியல். படகின் பெயர் சாவி, அதில் இருந்த ஆட்களின் எண்ணிக்கை மதிப்பு. இரண்டிலும் மதிப்புகள் ஒத்துப்போனால் எல்லாரும் கரை சேர்ந்துவிட்டார்கள்.

முதல் நாள் மத்தியானம் ஒப்பிட்டேன். எல்லாம் ஒத்துப்போயின. கரையில் காத்துநின்ற ஒரு அக்காவிடம், "எல்லாரும் வந்திட்டினம், நீங்கள் வீட்டை போங்கோ" என்றேன்.

"இவர் வரேல்லைத் தம்பி. எங்கட படகு சமுத்திர மாதா."

"சமுத்திர மாதா வந்திட்டுது அக்கா. ரெண்டு பேர்."

"அது என்ர தமையன்ர மாதா."

அந்தக் கரையில் பாதிப் படகுகளுக்கு மாதாவின் பெயர்தான். ஒரே சாவியை இரண்டாம் தரம் எழுதினால், டிக்‌ஷனரி முதலாவதை அழித்துவிட்டு மூச்சும் விடாது. இரண்டு படகிலும் இரண்டிரண்டு பேர் போயிருந்ததால் மதிப்பிலும் வித்தியாசம் தெரியவில்லை. எரிச்சலோடு அங்கேயே மணலில் உட்கார்ந்து, பெயருக்குப் பதிலாகப் படகின் பதிவு இலக்கத்தைச் சாவியாக்கினேன். இப்போது ஒரு படகு குறைந்தது.

கொஞ்ச நேரத்தில் அதுவும் வந்தது. இயந்திரம் பழுதாகி, துடுப்பு வலித்தே வந்திருந்தார்கள். அக்கா நடந்ததைச் சொல்ல, அவருடைய கணவர் வலையை இறக்கியபடி என் மடிக்கணினியைப் பார்த்தார்.

"நான் அப்பவே வந்திட்டன் எண்டால், சாப்பிட்டிட்டனோ எண்டும் அதிட்டக் கேளும் தம்பி."