பின்வாங்குகிறீர்களா, தோழர்?

போன மாநாட்டுக் காலத்தில், கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. எங்கள் கட்சியின் வட்டார மாநாடு. எங்கள் ஊர்க் கிளையின் சார்பில் பிரதிநிதியாக என்னை அனுப்பியிருந்தார்கள். நானோ வீட்டில் தையல் மிஷின் மிதிக்கிறவள். மைக் என்றாலே எனக்குப் பயம்.

எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு மேலே கல் குவாரி. வெடி வைத்தால் கட்டடமே அதிரும். ஒருநாள் பிள்ளைகள் தூங்கும் பாயில் ஓடு விழுந்தது. அன்றைக்குக் கர்த்தர் காத்தார், பிள்ளைகள் கஞ்சி குடிக்க எழுந்து போயிருந்தார்கள். என் மகளும் அதில் ஒருத்தி.

மாநாட்டில் செயலாளர் வாசித்த அறிக்கையில், குவாரிகளை எதிர்ப்பது வளர்ச்சியைத் தடுப்பது என்று ஒரு வரி வந்தது. அந்த வரியை நீக்க வேண்டும் என்று நான் திருத்தம் எழுதிக் கொடுத்தேன். விவாதத்தில் எழுந்து பேசவும் செய்தேன். என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள், அங்கன்வாடியில் ஓடு விழுந்ததைச் சொன்னது மட்டும்தான் நினைவிருக்கிறது.

பயம் மைக்கைப் பார்த்து மட்டுமல்ல. என் வீட்டுக்காரர் கூட்டுறவுச் சங்கத்தில் தற்காலிகக் காவலாளி. அவரை வைப்பதும் எடுப்பதும் கட்சிக்காரர்கள் கையில். "வாயத் தொறக்காம போயிட்டு வா, கேட்டியா?" என்று காலையில் சொல்லித்தான் அனுப்பினார். பேசிவிட்டேன் என்று அவருக்கு ஒரு வார்த்தை சொல்லலாமென்றால், போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பேசியதற்கெல்லாம் செயலாளர் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பதில் சொல்வார், அதுதான் முறை. கை கழுவும் இடத்தில் இரண்டு மூன்று பேர் என் தோளைத் தட்டி, "நல்லா பேசினீங்க" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனார்கள். பந்தியில் ஒருத்தரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. இலையில் மீன்குழம்பு ஓடிக்கொண்டிருந்தது, எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது, அன்றுவரை நான் பார்த்திராத ஒரு அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வேறு கிளையின் பிரதிநிதி.

"தின்னு மக்கா. எனக்க மாப்பிள அந்தக் குவாரியிலயாக்கும் டிப்பர் ஓட்டுதாரு. நான் உனக்கு எதிராத்தான் கை தூக்குவேன். அதுக்கு நீ எதுக்குப் பட்டினி கிடக்கே?"

அவர் புருஷனுக்கு அங்கேதான் வேலை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் பேச்சில் விரோதம் இல்லை. என் இலையில் இன்னொரு துண்டு மீன் போடச் சொல்லி, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கூடவே இருந்தார்.

மதியம் செயலாளர் பதில் சொன்னார். கோபப்படவில்லை, சிரித்தார். "சில தோழர்களுக்குத் தங்கள் வீட்டு முற்றம்தான் உலகம்" என்றார். மண்டபமே சிரித்தது. போச்சு, வீட்டுக்காரர் வேலை போச்சு என்றே எனக்குத் தோன்றியது.

பிறகு திருத்தம் கொடுத்தவர்களை மாநாட்டுத் தலைவர் ஒவ்வொருவராக எழுப்பினார். பின்வாங்கினால் அதோடு முடிந்தது. இல்லையென்றால் ஓட்டெடுப்பு. எல்லாரும் எழுந்து "பின்வாங்குகிறேன்" என்று சொல்லி உட்கார்ந்தார்கள். நானும் அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். என் முறை வந்தது.

"பின்வலிக்குந்நுண்டோ சகாவே?" என்று தலைவர் மலையாளத்தில் கேட்டார், பின்வாங்குகிறீர்களா தோழர் என்று.

அந்த அக்காவைப் பார்த்தேன். அவர் என் முகத்துக்கு நேராகவே தன் மனதைச் சொன்னவர். எனக்கு மட்டும் என்ன வந்தது? பாயில் கிடந்த ஓடு கண்ணுக்குள் வந்தது.

"இல்ல, பின்வாங்கல்ல" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். என் கையும், பின்வரிசையில் ஓரிரண்டு கைகளும். தோளைத் தட்டியவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பவர்கள் என்றதும் காடு மாதிரிக் கைகள். அந்த அக்காவும் சொன்னபடியே தூக்கினார். திருத்தம் தோற்றது, அறிக்கை நிறைவேறியது, எல்லாரும் புதிய கமிட்டித் தேர்வுக்குப் போய்விட்டார்கள்.

கலையும்போது அந்த அக்கா என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். எதற்கென்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

அடுத்த வாரம் போன் அடித்தது. சங்கத்திலிருந்துதான் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"மக்கா, இப்பம் வெடி வைக்கப் போறாவளாம். மாப்பிள விளிச்சுச் சொன்னாரு. பிள்ளையள வெளிய கொண்டு போ."

தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு அங்கன்வாடிக்கு ஓடினேன். டீச்சரும் நானும் பிள்ளைகளை வாசகசாலை முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது வெடித்தது. திரும்பிப் போய்ப் பார்த்தால் பாயின் மேல் மறுபடியும் ஓட்டுத் துண்டுகள்.

வீட்டுக்காரர் வேலை இதுவரை போகவில்லை. ஆனால் சங்கத்துப் பக்கம் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் இன்றும் எனக்குப் பயம்தான். குவாரியும் நிற்கவில்லை. அன்று என் தோளைத் தட்டியவர்கள் ஒருவரும் இதுவரை கூப்பிட்டதில்லை. ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் தவறாமல் கூப்பிடுகிறவர், எனக்கு எதிராகக் கை தூக்கிய அந்த அக்காதான்.