தூக்கிக்கொண்டு போனால் போதுமா?

“உந்தப் பிள்ளை லோயரோ? வாயே திறக்குதில்லை!”

யாழ்ப்பாணத்து நீதிமன்ற வாசலில் எனக்குப் பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. சொன்னவர்மேல் குற்றமில்லை. கனிட்ட சட்டத்தரணியின் தொழிலில் பாதி, வாசிப்பது. மீதி, மூத்தவர் பேசும்போது சரியான பக்கத்தை எடுத்து நீட்டுவது. மனித உரிமை உடன்படிக்கை ஒன்றை ஊர்ச் சனத்துக்கு விளங்கப்படுத்தப்போய் வியர்த்தவர்கள் என்னைப்போல் யாராவது இருந்தால், இது உங்களுக்குத்தான்.

எழுத்தும் தாலியும்

கொழும்புத்துறை கௌரி சக்கர நாற்காலியில் இருப்பவள். அரசாங்க எழுதுநர் வேலைக்கான போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பித்திருந்தாள். மண்டபம் மேல்மாடியில், லிப்ட் இல்லை. கீழே ஓர் அறை கேட்டதற்குப் பரீட்சை அதிகாரி முடியாது என்றுவிட்டார். வயதெல்லைப்படி இதுதான் அவளுக்குக் கடைசித் தடவை. வழக்குப் போட எங்களிடம் வந்தாள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை அவளுக்கு விளக்கினேன். நாடு அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது, ஆனால் அப்படியே நாட்டுச் சட்டமாக்கவில்லை. அதனால் அதை வைத்து நேரே வழக்காட முடியாது. இருக்கிற பழைய சட்டத்தை அதற்கு இசைவாக வாசியுங்கள் என்று நீதிமன்றத்தைக் கேட்கலாம். நான் சொல்லி முடித்தும் கௌரி விளங்காமல் விழித்தாள். எங்கள் கிளார்க் செல்வம் அண்ணை தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னார்:

“பிள்ளை, உது கலியாண எழுத்து மாதிரி. பதிவு முடிஞ்சுது, தாலி கட்டேல்லை. குடும்பம் நடத்த ஏலாது. அதுக்காக வேறை பொம்பிளை பாக்கவும் ஏலாது!”

நாலு பேர்

வழக்கின் முதல் தவணைக்கு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி புதுச் செய்தியோடு வந்தார். அதிகாரி நாலு பேரை ஒழுங்கு செய்திருக்கிறாராம். நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுபோய் விடுவார்களாம். ‘சென்றடைதல்’ என்றுதானே உடன்படிக்கை சொல்கிறது, தூக்கினாலும் சென்றடைவாள்தானே என்றார். எனக்கே அது சரிபோலப் பட்டது. மூத்தவர் அவகாசம் கேட்டு வாங்கினார்.

வெளியே வந்ததும் எதிர்த்தரப்பார் கௌரியிடம் அன்பாகத்தான் கேட்டார், “தங்கச்சி, எங்கடை ஊரிலை சுவாமியையே தோளிலைதானே கொண்டு போறம்? உதிலை என்ன குறைச்சல்?”

“குறைச்சல் ஒண்டும் இல்லை, சேர். மூண்டு மணித்தியாலச் சோதனை. சுவாமிக்கு இடையிலை ஒண்டுக்கு வராது.”

வசனத்தின் முன்பாதி

உடன்படிக்கையில் ஒரு சொல்லுக்கு வழக்கமான பொருளை எடுக்கவேண்டும். ஆனால் அந்தச் சொல் நிற்கும் இடத்தையும் உடன்படிக்கையின் நோக்கத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். உலக நீதிமன்றங்கள் கைக்கொள்ளும் இந்த விதியைப் பல்கலைக்கழக வளாகத்தில் நெட்டுருப் போட்டிருந்தேன். கௌரியின் பதிலைக் கேட்டபிறகுதான் அது உறைத்தது. வீட்டுக்குப் போய், ‘சென்றடைதல்’ வரும் அந்த வசனத்தை முதலிலிருந்து வாசித்தேன். மற்றவர்களில் தங்கியிராமல் வாழ்வதற்காக என்றுதான் அது தொடங்குகிறது.

அடுத்த தவணையில் மூத்தவர், “கண்டுபிடிச்சது நீதானே, நீயே சொல்லு” என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டார். எழும்பி அந்த வசனத்தை வாசித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நீதிபதி இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு எதிர்ப்பக்கம் திரும்பி, “அந்தப் பிள்ளைக்கு இடையிலை கீழை இறங்கவேணுமெண்டால் ஆரைக் கேக்கவேணும்?” என்றார். பாகுபாடு கூடாது என்ற நம் பழைய சட்டத்தை இந்த உடன்படிக்கையோடு சேர்த்தே வாசிக்கவேண்டும், பரீட்சையைக் கீழே நடத்துங்கள் என்று கட்டளை வந்தது.

வெளியே வந்து மர வாங்கில் அமர்ந்தேன். கௌரி என் கையைப் பிடித்தாள்.

“ஐயோ அக்கா, வெண்டிட்டம்! இனி நான் படிக்கவேணுமெல்லோ?”

பரீட்சை நாள்

செல்வம் அண்ணையும் நானும் வாசல் படலையடியில் நின்று பார்த்தோம். உலக நாடுகள் கூடி எழுதிய உடன்படிக்கை எங்களுக்குப் பெற்றுத் தந்தது கீழே ஓர் அறையும் அதில் கதவோரமாய் ஒரு மேசையும்தான்.

கௌரி தன் கையாலேயே சில்லை உருட்டி மேசையடிக்குப் போனாள். அங்கே, மற்ற மேசைகளுக்குப் போலவே, உட்கார ஒரு கதிரை போட்டிருந்தது. அவளுடைய சக்கர நாற்காலி அதற்குப் பின்னாலேயே நின்றது, மேசையை நெருங்க முடியவில்லை.

கீழே அறை தரமாட்டேன் என்ற அதே அதிகாரி எழும்பி வந்தார். கதிரையைத் தூக்கி விறாந்தையில் வைத்துவிட்டு, வினாத்தாளைக் கொடுக்கத் தொடங்கினார்.