ஒரு சொல்லும் விளங்காத குடும்பப் படம்

டிவிடி வாடகைக்கு விடுகிறவன் எல்லாப் படத்தையும் பார்த்திருப்பான் என்று சனம் நம்புகிறது. கடை வைத்து மாரடித்த எங்களுக்குத்தான் தெரியும், அவன் ஒன்றையும் முழுதாகப் பார்த்திருக்க மாட்டான் என்று. இரண்டாயிரத்துப் பத்துகளின் தொடக்கத்தில், இத்தாலியின் பலெர்மோ நகரில், பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் எனக்கு அப்படி ஒரு கடை இருந்தது.

அழுகிற படம்

எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர், பெயர் சொல்லிப் படம் கேட்பதில்லை. ‘சண்டைப் படம்’, ‘சாமிப் படம்’, ‘அழுகிற படம்’ என்றுதான் கேட்பார்கள். நானும் பெட்டிமேல் அதையே எழுதி வைப்பேன். ஒருமுறை மொத்தமாக வந்த டிஸ்க் கட்டுக்குள் பெயர் புரியாத ஒன்று கிடந்தது. அதன்மேல் ஒரு தாயும் வளர்ந்த பிள்ளைகள் மூன்று பேரும் சாப்பாட்டைச் சுற்றி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்கள். போட்டுப் பார்க்காமலே ‘குடும்பம், அழுகை’ என்று எழுதி அடுக்கிவிட்டேன்.

முதலில் எடுத்துப் போனவர் மன்னார் ஜெசிந்தா அக்கா. சீசா என்கிற பகுதியில் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் வேலை செய்பவர். மறுநாள் கண் வீங்கி வந்து நின்றார். “தம்பி, ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனா நல்லா அழுதன்.”

பக்கத்துக் கடை

பதறிப்போய் டிஸ்க்கைப் போட்டேன். தமிழும் இல்லை, இத்தாலியனும் இல்லை, கீழே எழுத்தும் ஓடவில்லை. சீனப் படமாக்கும் என்று, பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த சீனப் பெண்ணைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தவர், டிஸ்க்கின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த ‘வியட்நாம்’ என்ற சொல்லைக் காட்டினார். அது எங்கள் கட்டுக்குள் எப்படி வந்தது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

அதற்குள் ஜெசிந்தா அக்கா சொல்லிக் கேள்விப்பட்ட இரண்டு பேர், அதே படம் வேண்டும் என்று வாசலில் வந்து நின்றார்கள். சீனப் பெண் என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இத்தாலியனில் கேட்டார்: “உங்களில் ஒருவருக்கும் விளங்காது. பிறகு ஏன் வரிசையில் நிற்கிறீர்கள்?”

தம்பியின் தீர்ப்பு

ஜெசிந்தா அக்காவின் தம்பி அன்ரன், நகரின் பிரான்காச்சோப் பகுதியில் கார் திருத்துகிற இடத்தில் வேலை. இருவருக்கும் பல மாதமாகப் பேச்சு இல்லை. மன்னாரில் தனியாக இருக்கும் அம்மாவை இங்கே கூட்டி வர வேண்டும் என்பது அவன் கட்சி. நாலாம் மாடியில் பூட்டி வைக்கவா, ஊரிலேயே இருக்கட்டும் என்பது அக்காவின் கட்சி. இவர்களின் வீம்பில் அந்த மனுசியின் காரியம் அந்தரத்தில் தொங்கியது.

அக்கா பார்த்தது தெரியாமல் அன்ரனும் அதே படத்தை எடுத்துப் போனான். படத்தின் கடைசியில் மகன் தாயைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறான், மகள் குறுக்கே நிற்கிறாள். மகன் தாயை வலுக்கட்டாயமாகக் கொண்டு போகிறான் என்று அக்கா சொல்லியிருந்தார். நான் திரும்பத் திரும்பப் பார்த்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அன்ரனுக்குச் சந்தேகமே இல்லை. “அண்ணை, அவன்தான் பிள்ளை. மறிக்கிறாளே, அவளுக்கு நெஞ்சே இல்லை.”

கடைசிக் காட்சி

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து இருவரும் ஒரே நேரத்தில் கடைக்குள் வந்துவிட்டார்கள். முகம் பார்க்காமல், ஆளுக்கொரு பக்கம் நின்று என்னிடம் நியாயம் கேட்டார்கள். நான் யார் பக்கம் சொல்ல? டிஸ்க்கைப் போட்டேன். கார்க் கண்ணாடிக்குள் தாயின் முகம் வந்தது.

“சிரிக்கிறா,” என்றான் அன்ரன்.

“கண்ணைத் துடைச்சிட்டுப் பார். அழுறா.”

“அழுதா ஏன் ஏறினவ?”

“அவவை ஆர் கேட்டது?” என்றார் அக்கா.

அன்ரன் கையை நீட்டிப் படத்தை நிறுத்தினான். பிறகு, “நாங்களும் கேக்கேல்லைத்தானே,” என்று போனை எடுத்து மன்னாருக்கு அடித்தான். அம்மா எடுத்ததும், நீங்களே சொல்லுங்கோ, வாறியளோ, இருக்கிறியளோ என்று இருவரும் ஒரே மூச்சில் கேட்டார்கள். அம்மாவின் குரல் வந்தது. “ரெண்டு பேரும் ஒரே இடத்திலயோ நிக்கிறியள்?”

அம்மா எங்கே இருப்பது என்று அன்றைக்கும் முடிவாகவில்லை என்றாலும், ஒரு சொல்லும் விளங்காத படம் இருவரையும் ஒரே போனில் சேர்த்துவிட்டது. மொழி விளங்குகிற எத்தனையோ குடும்பப் படங்களை அந்த இருவருக்கும் வாடகைக்குக் கொடுத்து நான் கண்ட பலன் தனித்தனி அழுகை மட்டும்தான்.