பெரம்பலூரிலிருந்து கடலடிக்கு

ரயில்கூட வராத பெரம்பலூரில் உட்கார்ந்துகொண்டு, கடலுக்கு அடியில் போய் மீன் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஊர் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் வேலை. ஸ்கூபா என்றால் இப்போது எல்லோருக்கும் தெரிகிறது: முதுகில் காற்று உருளை, வாயில் குழாய், பக்கத்தில் ஒரு பயிற்சியாளர். எந்தக் கடலில் இறங்குவது என்பதில்தான் குழப்பம். வீட்டில் நாலு பேர் நாலு ஊர் சொல்லி, பேசி முடிப்பதற்குள் லீவே தீர்ந்துபோன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதனால் உங்களிடம் சொல்லலாம். ஒருவர் விஷயத்தில் மட்டும் நான் அசட்டையாக இருந்திருந்தால் அவர் காது போயிருக்கும். அவரைப் பற்றிச் சொல்லத்தான் மற்றவர்களையும் சொல்கிறேன்.

ஆனி மாதத்து அவசரம்

உடையார்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு புதுத் தம்பதி. வைகாசியில் கல்யாணம். ஆடி பிறந்தால் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள், அதற்குள் அந்தமான் போய் வந்துவிட வேண்டும் என்றார் மாப்பிள்ளை. போனில் நீலத் தண்ணீரும் மஞ்சள் மீனும் காட்டினார். நான் படத்தைப் பார்த்தேன், காலண்டரைப் பார்க்கவில்லை. ஆனியில் அங்கே மழையும் காற்றும். நாலு நாளில் மூன்று நாள் படகே கிளம்பவில்லை. நாலாம் நாள் இறங்கியபோது நீட்டிய கை தெரியவில்லையாம்.

திரும்பி வந்து மாப்பிள்ளை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்தப் பெண்தான் சொன்னார்: "எங்க ஊரு ஏரி இதவிடத் தெளிவா இருக்கும் சார். அதுக்கு டவுன் பஸ்ஸே போதும்."

கடைசி நாள்

மாதத்தை முதலில் கேட்கப் பழகிய பிறகு, நாள் கணக்கில் மாட்டிக்கொண்டேன். அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர் வந்தார்கள். கடைசி நாள் காலையிலும் அந்தமான் கடல், மாலையில் விமானம், மறுநாள் ஷிப்ட் என்பது அவர்கள் திட்டம். ஆழத்திலிருந்து ஏறியவர்கள் உடனே விமானம் ஏறக் கூடாது. உடம்பில் கரைந்திருக்கும் காற்று, உயரே போகும்போது குமிழாகிப் படுத்தும். கடைசி நாளைச் சும்மா விட வேண்டும், முடியாதென்றால் பஸ்ஸிலேயே போய் வரக்கூடிய புதுச்சேரியைப் பாருங்கள் என்றேன். அவர்களில் மூத்தவருக்கு அது பிடிக்கவில்லை.

"ஒரு நாள் முழுக்க சும்மா உக்காருறதுக்கு எதுக்கு சார் அந்தமான்? எங்க ஆபீஸ்லயே இடம் இருக்கே."

ஒரே ஒரு கேள்வி

செல்வராஜுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். பாடாலூரைச் சுற்றியுள்ள கிணறுகளில் மோட்டார் விழுந்தாலும் பைப் கழன்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி வேலையை முடித்துவிட்டு வருவார். சென்னையில் வேலை பார்க்கும் மகள் கவிதா, அப்பாவைக் கடலுக்குள் அழைத்துப் போக வேண்டும் என்று லீவு போட்டுவிட்டு, இடத்தை நீங்களே முடிவு பண்ணுங்கள் என்று அவரிடமே சொல்லியிருந்தாள். செல்வராஜ் மனைவி மல்லிகாவுடன் வந்து உட்கார்ந்தார்.

மற்றவர்கள் ஆமை இருக்குமா, சாப்பாடு எப்படி என்று கேட்பார்கள். இவர் நான் எடுத்து வைத்த படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். நானே ஏழெட்டு இடங்களைச் சொல்லி ஓய்ந்தேன். படங்களை மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்: "முப்பது வருசமா முங்குறேன் சார். உள்ள ஒண்ணும் பாத்ததில்ல. ஒரே சேறு, எல்லாம் கையால தடவுறதுதான். நீங்க சொல்ற எடத்துல கண்ணுக்குத் தெரியுமா?"

படிவம்

தெளிந்த தண்ணீர் என்றால் மாசியில் அந்தமான். பங்குனியில் கிணறுகள் வற்றத் தொடங்கினால் செல்வராஜுக்கு வேலை குவியும், ஆகவே மாசி அவருக்கும் ஒத்துவந்தது. பிறகு உடல்நலப் படிவம். காதில் கோளாறு உண்டா என்ற இடத்தில் 'இல்லை' என்று டிக் போட்டார். நான் பேசும்போதெல்லாம் அவர் இடது காதைத் திருப்பிக் கேட்டதை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இந்த வேலைக்கு முன் பல வருடம் பத்திரிகை நிருபராக இருந்தவனுக்கு, ஒருவர் சொல்லாததைக் கவனிக்கும் பழக்கம் எளிதில் போகாது. வலது காதுக்கு என்ன ஆச்சு என்றேன். மல்லிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சில வருடங்களுக்கு முன் ஆழமான கிணறு ஒன்றில் 'டப்'பென்றதாம். அதற்குப் பிறகும் பஞ்சை அடைத்துக்கொண்டு முங்குகிறார். படிவத்தை அப்படியே அனுப்பியிருந்தால் எனக்கு ஒரு புக்கிங் நிச்சயம். செவிப்பறையில் ஓட்டையோடு கடலாழத்துக்குப் போனால் தலை சுற்றி, எது மேல் எது கீழ் என்றே தெரியாமல் போகலாம். மிச்சமிருக்கும் கேட்கும் சக்தியும் போகலாம். டாக்டர் கடிதம் இல்லாமல் அனுப்ப மாட்டேன் என்றேன். செல்வராஜ் எழுந்துவிட்டார்.

"கிணத்துல எறங்க எவனும் ஃபாரம் கேட்டதில்ல சார். கடலுக்கு மட்டும் என்ன அவ்ளோ கெத்து?"

திருச்சியிலிருந்து கடிதம்

ஒரு வாரம் கழித்து மல்லிகா மட்டும் கடிதத்தோடு வந்தார். ஓட்டை ஆறவில்லை. கடலும் கூடாது, கிணறும் கூடாது. ஆபரேஷன் செய்து மூடலாம், அதன் பிறகு பார்க்கலாம் என்று எழுதியிருந்தார் திருச்சி டாக்டர். செல்வராஜ் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. பங்குனியில் வழக்கம்போல் கிணற்றில் இறங்கத்தான் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாராம்.

அந்தமானை ரத்து செய்துவிடட்டுமா என்று கேட்டேன். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மல்லிகா சொன்னார்: "எதுக்குங்க? அவுரு எறங்கலன்னா கவிதா எறங்கட்டும். படகுலருந்து பாத்தாலே அடி தெரியிற எடமாப் பாத்துப் போடுங்க."

படகில் மூன்று பேர்

அந்தமானிலேயே இடத்தை மாற்றினேன். விளம்பரங்களில் அதிகம் வராத, ஆழம் குறைந்த இடம். குனிந்தால் மணல் தெரியும். திரும்பி வந்த செல்வராஜ்தான் நடந்ததைச் சொன்னார். மூச்சை மட்டும் பிடிக்கவே கூடாது, விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் கவிதாவுக்குச் சொன்னபோதே இவருக்கு நம்பிக்கை போய்விட்டது. பயிற்சியாளரோடு அவள் இறங்கினாள். படகில் செல்வராஜ், மல்லிகா, படகுக்காரர் மூன்று பேர். தண்ணீர் அவ்வளவு தெளிவு. பாறை தெரிந்தது, மீன் கூட்டம் தெரிந்தது, மகள் தெரிந்தாள். ஆனால் இவரால் எதையும் பார்க்க முடியவில்லை. குமிழி வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். எழுந்து எழுந்து நின்று படகை ஆட்டி, படகுக்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறார்.

மல்லிகா அசையவில்லை. கடைசியில் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருக்கிறார். ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு திருச்சியிலிருந்து வரும் வழியில் என் ஆபீசில் ஏறிய செல்வராஜ், மனைவி படகில் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் ஒப்பித்தார்: "அரை மணி நேரத்துக்கே இப்புடியா? நான் இத்தன வருசம் கிணத்து மேட்டுல கயித்தப் புடிச்சிக்கிட்டு நின்னனே, என்னைய யாருங்க உக்கார வச்சா?"

எந்தக் கடல் நல்லது என்று கேட்டு வருகிறவர்களிடம் மாதம், நாள், காது எல்லாம் விசாரித்துவிட்டு, மேலே படகில் யார் உட்காரப் போகிறார்கள் என்றும் இப்போது கேட்கிறேன், அதனால் புக்கிங் கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது.