கறுப்புப் பூசிய டயர்

துரைராஜுக்குப் பூர்வீகம் சிந்தாதிரிப்பேட்டை, கூவம் கரையோரம். அவன் மனைவி சுலோச்சனாவின் அக்காள் புருஷன் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வாட்ச்மேனாக இருந்தார். அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லித்தான் கடை முதலாளி சிதம்பரநாதன் வீட்டில் துரைராஜுக்கு ஜீப் ஓட்டுகிற வேலை கிடைத்தது. அது அறுபத்தாறாம் வருஷம். வண்டி ஷெட்டை ஒட்டினாற்போல் குடியிருக்க ஓர் அறையும் கொடுத்தார்கள்.

முதலாளி திருச்செந்தூர்ப் பக்கத்து மனிதர். அவர் மனைவி சண்முகவடிவு, கல்யாணமான வருஷத்திலிருந்து கந்த சஷ்டி ஆறு நாளும் திருச்செந்தூரில் தங்கி விரதம் இருப்பவள். இடுப்பெலும்பில் கோளாறு வந்த பிறகு அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது, படுத்துத்தான் இருக்க வேண்டும். அவளுக்காகவே முதலாளி மிலிட்டரி ஏலத்தில் இரண்டு சக்கர ட்ரெய்லர் ஒன்றை எடுத்து, அதன்மேல் மரத்தில் ஓர் அறை கட்டவைத்தார். உள்ளே கட்டில், ஸ்டவ், ஜன்னலுக்குத் திரை. ஜீப்புக்குப் பின்னால் மாட்டினால் வீடே கிளம்பிவிடும். தெருவில் அதற்குச் சக்கர வீடு என்று பெயர். வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை திருச்செந்தூர் போய்வரும். மற்ற நாளெல்லாம் காம்பவுண்டுக்குள் வெயிலிலும் மழையிலும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

டயர் விஷயத்தில் துரைராஜ் கெட்டிக்காரன் என்று அந்த வட்டாரத்தில் பேர். இரும்புக் கம்பியால் ஒரு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்து, "காத்து இருவத்தெட்டு கீது, இன்னும் நாலு போடு" என்பான். அளந்து பார்த்தால் முக்காலும் சரியாக இருக்கும். பழைய கார் வாங்குகிறவர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்தப் பேருக்கு அவன் எவ்வளவு ஆசைப்பட்டான் என்பது சுலோச்சனாவுக்குத்தான் தெரியும்.

வீட்டு மதில் ஓரமாக, வெளியே, மெஹபூப் பாஷா பஞ்சர் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு மரப்பெட்டி, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கால் பம்ப், அவ்வளவுதான். எழுபத்திரண்டில், ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னால், அவர் காம்பவுண்டுக்குள் தண்ணீர் பிடிக்க வந்தவர் சக்கர வீட்டின் பக்கத்தில் குந்திவிட்டார்.

"துரை, இந்த ரெண்டு டயரையும் மாத்திடு நைனா."

"இன்னா பாய், வியாபாரம் டல்லா? பட்டன் பாரு, ஒரு மேடுகூட தேயல, நேத்து வாங்குன மாரி கீது."

"பட்டனப் பாத்துக்கினே கீறியே. இது ஓடித் தேயல, நின்னு காஞ்சி கீது. ஆறு வருசமா அதே டயர். சைடப் பாரு, வெடிப்பு. விரிச்சுப் பாத்தா நூல் தெரியும்."

ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் பஞ்சருக்காகக் காத்திருந்தவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அதுதான் துரைராஜுக்குப் பொறுக்கவில்லை.

"எனக்கே டயர் சொல்லித்தர்றியா? போ பாய், போயி டியூப்ப தண்ணில முக்கு."

ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். பாஷா சிரிக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆயுத பூஜை அன்று காலையில் துரைராஜ் வண்டிகளைக் கழுவினான். ஜீப்பைக் கழுவி முடித்துச் சக்கர வீட்டுக்கு வந்தபோது, பக்கத்தில் யாரும் இல்லாததால், டயரின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினான். ரப்பர் வாய் திறந்தது. உள்ளே வெள்ளையாக நூல். சுற்றி வந்து இன்னொரு டயரைப் பார்த்தான். அதிலும் இருந்தது, கொஞ்சம் குறைவாக. பூஜை முடிந்ததும் முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டேதான் சுலோச்சனாவைக் கூப்பிட்டு ஷூ பாலிஷ் டப்பாவை எடுத்துவரச் சொன்னான். பூஜைக்கு எல்லா வண்டி டயருக்கும் கறுப்புப் பூசுவது வழக்கம்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஆனால் ஜீப் டயருக்கு மேலோட்டமாகத் துடைத்தவன், இந்த இரண்டுக்கும் வெடிப்புக்குள்ளேயே விரலை விட்டுத் தேய்த்தான். மேலே சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தான்.

பத்து மணிக்குக் கடைச் சிப்பந்திகளோடு முதலாளி கற்பூரத் தட்டுடன் வந்தார். சக்கர வீட்டைச் சுற்றிவந்து நின்றார்.

"எல்லாரும் பாருங்கடே. ஆறு வருசத்து டயரு. நேத்து வாங்குனாப்ல இருக்கா இல்லையா? டிரைவர் கைவண்ணம்!" என்றார். சிப்பந்திகள் கைதட்டினார்கள். முதலாளி வேஷ்டி துண்டை அவன் கையில் வைத்தார். துரைராஜ் குனிந்து வாங்கிக்கொண்டான். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? அதற்குப் பிறகு தீபாவளி வியாபாரம் வந்துவிட்டது. முதலாளி சாப்பிடக்கூட வீட்டுக்கு வரவில்லை. மெதுவாக ஓட்டினால் போய்ச் சேர்ந்துவிடும், ஊரில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு கணக்குப் போட்டான். சொல்லாமல் இருக்க ஒவ்வொரு நாளைக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் புறப்பாடு. காற்றடிக்கப் பாஷாவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் டயரைத் தடவினார். விரலெல்லாம் கறுப்பு. அந்த விரலைப் பார்த்தார், துரைராஜைப் பார்த்தார்.

"உள்ள ஒரு பொம்பள படுத்துக்கினு வர்றாங்க, துரை."

"காத்த மட்டும் அடி பாய்."

அடித்தார். அளவாகத்தான் அடித்தார்.

சைதாப்பேட்டைப் பாலத்தில் ஏறும்போது டமார் என்று சத்தம். மிச்சப் பட்டாசை எங்கே பார்த்தாலும் பிள்ளைகள் கொளுத்திக்கொண்டிருந்த நாள் அது. அதில் ஒன்று என்று நினைத்து அவன் பிரேக்கை மிதிக்கவில்லை. இருபது கஜம் போன பிறகு ஜீப்பைப் பின்னாலிருந்து யாரோ இழுப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தான். சக்கர வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாலத்துக் கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு வந்தது. பக்கத்து சீட்டிலிருந்த முதலாளி குதித்து ஓடிக் கதவைத் திறந்தபோது, சண்முகவடிவு கட்டிலிலிருந்து விழுந்து ஸ்டவ்வுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாள். இடது மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவள் அழவில்லை. "முருகா, இந்த வருசம் நான் வரலயே" என்றுதான் சொன்னாள்.

கைக்குக் கட்டுப்போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து விட்ட பிறகு, சாயங்காலம் முதலாளி நேரே மதில் ஓரத்துக்குப் போனார். பின்னால் துரைராஜ். தெருவே கூடிவிட்டது.

"என்னவே பாய், காத்தா அடிச்சீரு? அளவுக்கு மேல அடிச்சு டயர வெடிக்க வச்சிட்டீரே! கொஞ்சம் தவறியிருந்தா என் வீட்டுக்காரிய நான் எரிச்சிட்டு வந்திருக்கணும்."

"மொதலாளி, டயரு காஞ்சிபோயி..." என்று ஆரம்பித்த பாஷா, பாதியில் நிறுத்தித் துரைராஜைப் பார்த்தார். "நீயே சொல்லு நைனா."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"காத்து அவருதான் அடிச்சாரு மொதலாளி" என்றான் துரைராஜ்.

பொய் ஒன்றும் இல்லை. அடித்தது பாஷாதான். ஆனால் அதைச் சொன்ன கணத்தில் தன் வாய்க்குள் எதுவோ அழுகிவிட்டதுபோல் அவனுக்கு இருந்தது. பாஷா கால் பம்பை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். மதில் முதலாளியுடையது. மறுநாள் காலையில் அங்கே பெட்டியும் இல்லை, தொட்டியும் இல்லை.

அதன்பிறகு யாராவது டயர் பார்க்கக் கூப்பிட்டால், "தலவலிப்பா" என்று நழுவினான். கம்பியைத் தொடுவதை விட்டான். மதில் ஓரமாகப் போகாமல் பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிப் போனான். ஒருநாள் சோறு போடும்போது சுலோச்சனா சொன்னாள்:

"பாலிஷ் டப்பா எடுத்தாந்தது நானுதான்யா. எனக்கே பாய் சம்சாரத்த மார்க்கெட்ல பாத்தா தல குனியுது. உனக்கு எப்டி சோறு எறங்குது?"

இறங்கவில்லைதான். ஆனால் சொல்லாமல் மூன்று மாதம் ஓட்டினான்.

தை மாதத்தில் சண்முகவடிவு அவனைக் கூப்பிட்டனுப்பினாள். கட்டு பிரித்தாகிவிட்டது, விரல்கள்தான் இன்னும் மடங்கவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடியே சொன்னாள்: "டிரைவர் தம்பி, சக்கர வீட்டுக்குப் புது டயரு வாங்கணும்னு அவுக சொல்லுதாக. நீங்க பாத்து எடுத்தாத்தான் எனக்கு நம்பிக்க."

அதைக் கேட்டதும் அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினான். நூலைப் பார்த்தது, கறுப்பைத் தேய்த்தது, சந்தனம் வைத்தது.

"பாய்கிட்டச் சொன்னீயளா?"

"இல்லம்மா."

"அப்ப எங்கிட்ட எதுக்கு மொதல்ல வந்தீய? நான் ஏசமாட்டேன்னா?"

அது உண்மை. அவள் ஏசமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

பாஷா இப்போது அடையாறில், பஸ் டெப்போவுக்குப் பக்கத்தில் கடை போட்டு உட்கார்ந்திருந்தார். துரைராஜ் எதிரே குந்தி எல்லாவற்றையும் சொன்னான். அவர் டியூபுக்கு உப்புத்தாள் தேய்ப்பதை நிறுத்தவே இல்லை.

"எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே வந்து சொல்றியா? நீ பேசுனது தெருவுல, அத்தினி பேர் எதிர்ல. இங்க வந்து காதுல ஓதுற."

"மன்னிச்சிடு பாய்."

"எழுந்திரு நைனா. கஸ்டமர் நிக்கறார்."

அங்கிருந்து நேரே கடைக்குப் போனான். கல்யாண முகூர்த்த நாள்கள். கல்லாவைச் சுற்றிக் கூட்டம். சிப்பந்திகள் புடவையை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் நின்று, "மொதலாளி, அன்னிக்கி டயரு வெடிச்சதுக்குப் பாய் காரணமில்ல. அவரு முன்னாடியே மாத்தச் சொன்னாரு. நான்தான் வெடிப்ப கறுப்பு பூசி மறச்சேன்" என்றான். அளந்துகொண்டிருந்த ஒருவன் கை அப்படியே நின்றது. ஆயுத பூஜையில் கைதட்டியவர்கள்தான் அவர்கள். அவனை வேலைக்குச் சேர்த்துவிட்ட வாட்ச்மேன் சகலை வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

முதலாளி முகம் சிவந்தது. "வாடிக்கக்காரவுக நிக்காக. போவும்" என்றார்.

மறுநாள் காலையில் ஜீப்பை எடுக்கச் சொன்னார். அடையாறு என்று மட்டும் சொன்னார். அத்தனை வருஷமும் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் பேசிக்கொண்டே வரும் மனிதர், அன்று பின்னால் ஏறிக்கொண்டார். டெப்போ ஓரத்தில் இறங்கி, வெயிலில் பாஷாவின் முன்னால் நின்று வெகுநேரம் பேசினார். ஒரு கட்டத்தில் கையைக் கூப்பினார். பாஷா எழுந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். என்ன பேசினார்கள் என்பது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவனுக்குக் கேட்கவில்லை. தான் கூப்ப வேண்டிய கையை எழுபது பேருக்குப் படியளக்கும் மனிதர் தெருவில் கூப்பியதைத்தான் பார்த்தான்.

பாஷா மதில் ஓரத்துக்குக் கடையைத் திரும்பக் கொண்டுவரவில்லை. சக்கர வீட்டின் புது டயர்கள் அவர் சொன்னபடி வந்தன, அவர் கையால் மாட்டப்பட்டன. முதலாளி துரைராஜை வேலையை விட்டு அனுப்பவில்லை. இன்னும் ஒன்பது வருஷம் அவன் அந்த ஜீப்பை ஓட்டினான். அந்த ஒன்பது வருஷமும் முன்சீட்டு காலியாகவே வந்தது. ஒரு தடவைகூட அவன் அதைப் பற்றிக் கேட்கவில்லை.