நானே செய்த டிப்பர்

பழைய ஃபோர் வீல் பிக்கப்பை டிப்பராக மாற்றியது நான்தான் என்று நாங்கள் இருக்கும் வோபர்ன் பகுதி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். உண்மையில் பின்பெட்டி மேலே எழும்பப் பிணைச்சல் வைத்து, ஜாக் பூட்டி, வெல்டிங் செய்ததெல்லாம் என்னோடு வேலை செய்யும் மட்டக்களப்புக்காரர். மூன்று சனிக்கிழமை வண்டிக்கு அடியில் கிடந்தார். நான் ரோர்ச் வெளிச்சம் பிடித்தேன்.

வண்டிப் பூசைக்குச் சொந்தக்காரரை எல்லாம் கூப்பிட்டேன். மனுசி முன்சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தாள்.

"முதல் அதை நசிச்சு வண்டியை வெளியில எடுங்கோ. பிறகு உங்கட வித்தையைக் காட்டலாம்" என்றாள்.

ஆர் கேட்டது? பெட்டி நிறைய ஈரமண். கொட்டிக் காட்டும் அவசரத்தில் சுவிட்சை அமத்தினேன். பின்கதவின் கொளுக்கியைக் கழற்ற மறந்துபோனேன். பெட்டி எழும்ப, மண் முழுக்கப் பின்னுக்குச் சரிந்து, வண்டியின் முன்பக்கம் மேலே கிளம்பியது. சில்லுகள் அந்தரத்தில் நின்றன. தேசிக்காய்கள் நசியாமல் கீழே கிடந்தன. ஆரோ சிரித்தார்கள்.

"உந்த மட்டக்களப்பாற்ர வெல்டிங் பிழை! உவையளை நம்பினது என்ர விசர்!" என்று கத்தினேன்.

அவர் வடைத்தட்டோடு பக்கத்தில்தான் நின்றார். தட்டை வைத்துவிட்டு வந்து கொளுக்கியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மற்றவர்களுக்குத் தெரியாதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு அதைக் கழற்றினார். மண் கொட்டுப்பட்டது. சில்லுகள் தொப்பென்று இறங்கித் தேசிக்காய்களை நசித்தன.

"ஓம் அண்ணை, என்ர பிழைதான்" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் ஒருவரும் அவருக்கு வெல்டிங் வேலை கொடுப்பதில்லை. நான் இன்னும் வாய் திறக்கவில்லை.